மழையில் நிற்கும் கல்லறைகள்: எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் கற்களை எப்படிக் காப்பது?

எடின்பரோவின் பழைய நகரத்தில் இருக்கும் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் இரண்டு கதைகளைக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒன்று, இறந்துபோன எஜமானரின் கல்லறையை விட்டு நகராத பாபி என்ற நாயின் கதை. இன்னொன்று, இரவில் வருகிறவர்களைக் கீறிவிடும் ஆவியின் கதை. இரண்டுக்கும் கூட்டம் சேர்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தின் உண்மையான செல்வம் சுற்றுச்சுவர்களில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்கள் இவ்வளவு செறிவாக ஒரே இடத்தில் நிற்பது ஸ்காட்லாந்திலேயே அரிது. அவை மெல்ல உதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஏன் உதிர்கின்றன, தடுக்க என்ன செய்யலாம், நல்ல எண்ணத்தோடு செய்த வேலைகளே சில சமயம் ஏன் கெடுதலாக முடிந்தன என்பதைப் பார்ப்போம்.

முதலில் இந்தக் கற்கள் ஏன் வெளியில் நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற எல்லாச் சிக்கல்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

1560-ல் ஸ்காட்லாந்து ரோமன் கத்தோலிக்கத்தை விட்டு விலகிப் புராட்டஸ்டன்ட் நாடானது. பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நகரின் நடுவில் இருந்த செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் இடுகாடோ நிரம்பி வழிந்தது. 1562-ல் ராணி மேரி மடத்துத் தோட்டத்தை நகரசபைக்குக் கொடுத்தார், இடுகாடாக வைத்துக்கொள்ளச் சொல்லி. சாம்பல் நிற அங்கி அணிந்த அந்தத் துறவிகளின் பெயரே இடத்துக்கும் நிலைத்துவிட்டது. தேவாலயம் அதற்கும் பல வருடம் கழித்துத்தான் வந்தது. 1602-ல் கட்டத் தொடங்கி, 1620-ல் திறந்தார்கள். மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு எடின்பரோவில் கட்டிய முதல் தேவாலயம் அது.

புதிய திருச்சபை ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தது. தேவாலயத்துக்குள் யாரையும் புதைக்கக் கூடாது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் படுத்தால் மோட்சம் கிட்டும் என்ற பழைய நம்பிக்கையை வேரோடு பிடுங்க நினைத்தார்கள். திருச்சபையின் பொதுப் பேரவை இந்தத் தடையைத் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே பணக்காரர்கள் எவ்வளவு முரண்டு பிடித்தார்கள் என்று தெரிகிறது. கடைசியில் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உள்ளே இடமில்லையா, சரி, தோட்டத்தின் சுற்றுச்சுவரையே தேவாலயத்தின் உட்சுவராக நினைத்துக்கொள்வோம் என்று, தூண்கள், வளைவுகள், குலச்சின்னங்கள், லத்தீன் பாக்கள் எல்லாவற்றையும் வெளிச்சுவரில் செதுக்கி நிறுத்தினார்கள். 1629-ல் இறந்த வணிகரும் நகரசபைப் பொருளாளருமான ஜான் பயர்ஸின் நினைவுச்சின்னம் அந்த வகையைச் சேர்ந்தது.

அதாவது, கூரைக்கடியில் நிற்க வேண்டிய வடிவம் ஸ்காட்லாந்து மழையில் நிற்கிறது. இங்கிலாந்தில் அதே காலத்தில் செய்த இதுபோன்ற சிற்பங்களைப் பாருங்கள். பல இன்றும் தேவாலயங்களுக்குள் வண்ணப்பூச்சுகூட மங்காமல் இருக்கின்றன. கிரேஃபிரையர்ஸ் சிற்பங்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு அலங்கார விளிம்பும் தண்ணீர் தேங்கும் திண்ணை. ஒவ்வொரு தூணின் பின்னாலும் காற்றே புகாத ஈரமான இடுக்கு.

செதுக்கியிருப்பவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிய வேண்டும் இல்லையா? சிலுவையும் புனிதர்களும் தடைசெய்யப்பட்டிருந்த காலம். அதனால் கல்தச்சர்கள் வேறு உருவங்களுக்குப் போனார்கள்: மண்டையோடு, குறுக்காக வைத்த எலும்புகள், மணற்கடிகாரம், குழிதோண்டும் மண்வெட்டி, சிறகு முளைத்த முகம். சிறகு முகம் என்றால் உடலை விட்டுப் பறக்கும் ஆன்மா. சாதாரணத் தொழிலாளர்களின் நடுகற்களில் அவரவர் தொழிற்கருவிகள் இருக்கும். தையல்காரருக்குக் கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும், கொல்லருக்குக் கிரீடம் வைத்த சுத்தியல், நெசவாளருக்குத் தறியில் ஓடும் நாடா. ஜேம்ஸ் போர்த்விக் என்ற 17ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவரின் நினைவுச்சின்னத்தில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. சுற்றிலும் அந்தக் கால அறுவைக் கருவிகள். எழுதப்படிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் இது யாருடைய கல்லறை என்று புரிந்துகொள்ளலாம். ஸ்காட்லாந்துச் சிற்ப மரபில் சாதாரண மக்களின் பங்கு இந்த அளவுக்கு வெளிப்படும் இடங்கள் குறைவு. அதனால்தான் இந்தக் கற்கள் எனக்கு அரண்மனைகளைவிட முக்கியமாகப் படுகின்றன.

இனி கல்லைப் பார்ப்போம். எடின்பரோ மணற்கல்லால் ஆன நகரம். நகருக்குப் பக்கத்திலேயே வெட்டிய கிரேக்லீத் கல் போன்றவற்றில் மணல் துகள்களைப் பிணைப்பது சிலிக்கா. அது நூற்றாண்டுகள் தாங்கும். எல்லா மணற்கல்லும் அப்படியில்லை. களிமண்ணோ சுண்ணமோ பிணைத்த கல் தண்ணீரைக் குடித்துக் குடித்து இளகிவிடும். அதோடு, மணற்கல் என்பது ஆற்றிலோ கடலிலோ அடுக்கடுக்காகப் படிந்த மணல். அந்த அடுக்குகள் படுத்தவாக்கில் இருக்கும்படி கல்லை வைத்தால்தான் அது பலமாக நிற்கும். நடுகல்லுக்கோ உயரமான மெல்லிய பலகை வேண்டும். அதனால் அடுக்குகள் செங்குத்தாக, முகத்துக்கு இணையாக வரும்படி வெட்டி நிறுத்தினார்கள். நிறுத்தி வைத்த நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் ஓரத்தில் ஈரம் பட்டுப் பிரிவதைப்போல இந்தக் கற்களும் பிரிகின்றன. மேல் விளிம்பில் மழைநீர் இறங்குகிறது, குளிர்காலத்தில் உறைந்து விரிகிறது, உருகி இன்னும் ஆழமாக இறங்குகிறது. ஒருநாள் எழுத்துகளைச் சுமந்த முகம் முழுவதும் ஒரே தகடாகக் கழன்று விழுகிறது. அதற்கு முந்தைய நாள்வரை பார்க்க நன்றாகவே இருந்திருக்கும். தட்டிப் பார்த்தால் மட்டும் உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கும்.

நவீனப் புவியியலுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஹட்டன் இதே தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டார், 1797-ல். மலைகள் தேய்ந்து மணலாகின்றன, மணல் கடலடியில் படிந்து மறுபடி கல்லாகிறது என்று விளக்கியவர் அவர். மற்ற கற்களின் தேய்வுக்கு விளக்கம் சொன்ன அந்த மனிதரின் கல்லறைக்கு 1947 வரை ஒரு கல்லுமில்லை. 150ஆவது நினைவாண்டில்தான் பெயர்ப்பலகை வைத்தார்கள்.

மழையும் பனியும் இயற்கை. அதற்குமேல் மனிதர்கள் சேர்த்தது நிலக்கரிப் புகை. அந்தக் கால எடின்பரோவுக்குப் புகைக்கிழவி என்ற பொருளில் பட்டப்பெயரே உண்டு. புகையிலிருக்கும் கந்தகம் மழையோடு சேர்ந்து அமிலமாகும். கல்லிலோ காரையிலோ இருக்கும் சுண்ணத்தைத் தின்று ஜிப்சமாக மாற்றும். ஜிப்சம் கரித்தூளைப் பிடித்துக்கொண்டு கறுப்புத் தோலாகக் கல்மேல் படியும். மழை நேராகப் படாத இடுக்குகளில், அதாவது சிற்பம் நுணுக்கமாக இருக்கும் இடங்களில்தான் இது அதிகம். அந்தத் தோல் உரியும்போது அடியில் இருக்கும் கல்லையும் கூட்டிக்கொண்டு போகும். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு நிலக்கரிப் புகை படிப்படியாக ஒழிந்தது. ஆனால் உள்ளே இறங்கிய உப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த உப்பு கரைந்து, மறுபடி படிகமாகிக் கல்லின் துளைகளை உள்ளிருந்து உடைக்கிறது. 1900-களின் புகைக்கு இன்றைக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு எதிரி கண்ணுக்கே தெரியாது. சுவர்ச் சின்னங்களின் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்க உள்ளே இரும்புக் கவ்வுகளைச் செருகி, ஈயம் காய்ச்சி ஊற்றுவார்கள். ஈயம் நன்றாக மூடியிருக்கும்வரை கவலையில்லை. எங்காவது விரிசல் விட்டுத் தண்ணீர் போனால் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கல் உள்ளிருந்து வெடிக்கும். தூணின் தலைப்பகுதியில் ஒரு மூலை மட்டும் கச்சிதமாகப் பெயர்ந்து கிடந்தால், பெரும்பாலும் அதன் பின்னால் துருப்பிடித்த கவ்வு இருக்கும்.

இவ்வளவும் காலத்தின் வேலை. மனிதக் கை செய்த வேலைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது, அதிலும் உதவ வந்த கை.

இதில் பழைய கதை ராபர்ட் பேட்டர்சனுடையது. அதற்கு முன், அவர் தேடிப்போன கல்லறைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டும். 1638 பிப்ரவரி 28 அன்று கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில் தேசிய உடன்படிக்கை கையெழுத்தானது. அரசர் திருச்சபையின் வழிபாட்டு முறையில் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். அதை ஏற்றவர்களை உடன்படிக்கையாளர்கள் என்றார்கள். பிற்பாடு அவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1679 ஜூனில் பாத்வெல் பாலச் சண்டையில் தோற்றுப் பிடிபட்டவர்களில் ஏறத்தாழ 1200 பேரைக் கிரேஃபிரையர்ஸை ஒட்டிய வெட்டவெளியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். நோயில் இறந்தவர்கள் உண்டு, தூக்கிலிடப்பட்டவர்கள் உண்டு, பணிந்து கையெழுத்திட்டு விடுதலையானவர்களும் உண்டு. எஞ்சிய இருநூற்றுச் சொச்சம் பேரை அடிமைகளாக விற்கக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கப்பல் டிசம்பரில் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே உடைந்தது. பெரும்பாலானவர்கள் மூழ்கிப்போனார்கள். அவர்களை வழக்காடித் தண்டித்த அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கென்சி 1691-ல் இறந்து, இதே தோட்டத்தில், குவிமாடம் வைத்த வட்ட மண்டபத்தில் கிடக்கிறார். ஆவிக் கதை இவரைச் சுற்றித்தான் ஓடுகிறது. 2003-ல் இரண்டு பதின்வயதுப் பையன்கள் அந்த மண்டபத்தை உடைத்துப் புகுந்து, ஒரு சடலத்தின் தலையை வெளியே எடுத்துவந்து வழக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

கொல்லப்பட்டவர்களுக்கு ஸ்காட்லாந்தின் மேற்கிலும் தெற்கிலும் ஊர் ஊராக நினைவுக்கற்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேட்டர்சன் என்ற கல்தச்சர் குடும்பத்தையும் தொழிலையும் விட்டுவிட்டு, ஒரு மட்டக்குதிரையில் ஏறி, சுமார் நாற்பது வருடம் அந்தக் கல்லறைகளைத் தேடித் தேடிப் போனார். பாசியைச் சுரண்டினார். மங்கிய எழுத்துகளை உளியால் மறுபடி ஆழமாக வெட்டினார். கூலி வாங்கவில்லை. 1801-ல் வழியிலேயே இறந்தார். வால்டர் ஸ்காட் 1793-ல் டனோட்டர் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் பார்த்திருக்கிறார். 1816-ல் வெளிவந்த தன் நாவலொன்றுக்கு அவருடைய பட்டப்பெயரையே வைத்தார்.

பேட்டர்சனின் பக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர் போகாமல் இருந்திருந்தால் பல பெயர்கள் மறைந்தே போயிருக்கும். ஆனாலும் அவர் உளி பட்ட இடத்தில் முதலில் வெட்டிய கல்தச்சரின் கை அழிந்துவிட்டது. எழுத்தின் வடிவம், உளியின் சாய்வு, எழுத்துப்பிழை, இவையெல்லாம் ஒரு பட்டறையை அடையாளம் காட்டும் தடயங்கள். மறுபடி வெட்டும்போது ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் கல்லின் வெளித்தோலும் உடைகிறது, அடுத்த தேய்வு இன்னும் வேகமாகிறது. தவறாகப் படித்து வெட்டிவிட்டால் தவறே வரலாறாகிறது. இன்றைய பாதுகாப்பு முறை அதனால்தான் எழுத்தை மறுபடி வெட்டுவதை ஒப்புக்கொள்வதில்லை. கல் இருக்கிற நிலையிலேயே நிற்கட்டும், மங்கிய வாசகத்தைப் பக்கத்தில் தனிப் பலகையில் எழுதி வை என்கிறது. கிரேஃபிரையர்ஸில் இருக்கும் தியாகிகள் நினைவுச்சின்னம் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுகிறது. 1706-ல் வைத்ததை 1771-ல் முழுசாகப் புதியதாக மாற்றிவிட்டார்கள். நினைவு முக்கியமா, கல் முக்கியமா என்ற கேள்விக்கு அவர்கள் காலத்துப் பதில் அது. எனக்கு இரண்டும் முக்கியம் என்பதால் இந்தக் கேள்வியில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை.

பேட்டர்சனின் உளியைவிட அதிகச் சேதம் செய்தது சிமென்ட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விரிசல்களையும் இணைப்புகளையும் போர்ட்லண்ட் சிமென்டால் அடைக்கத் தொடங்கினார்கள். கெட்டியாக, சீக்கிரமாக, மலிவாக ஒட்டியது. பழைய சுவர்களோ சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு மூச்சு விடும். கல்லுக்குள் போன ஈரம் இணைப்புகள் வழியாக வெளியேறும். காரை தேய்ந்தால் தேயட்டும், மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் கல் வழியாகவே வெளியேற வேண்டியதாயிற்று. உப்பும் கல்லிலேயே தங்கியது. விளைவைப் பல பழைய சுவர்களில் பார்க்கலாம். சிமென்ட் இணைப்புகள் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் இருந்த கல் குழிந்து போயிருக்கும். இன்று எந்தப் பழுதுபார்ப்பிலும் பாதி வேலை அந்தச் சிமென்டைக் கல்லுக்குச் சேதமில்லாமல் பெயர்ப்பதுதான். கறுப்பை நீக்க மணலைப் பீய்ச்சி அடித்த காலமும் இருந்தது. எடின்பரோவின் கட்டடங்களை வெளுப்பாக்கும் ஆர்வத்தில் கருமையோடு கல்லின் முகமும் போனது.

வருகிறவர்களுக்கு விபத்து நேராமல் இருக்கப் போடும் விதிகளும் இதே வகையில் சேதம் செய்ய முடியும். 2015 மே மாதம் கிளாஸ்கோவின் கிரேக்டன் கல்லறைத் தோட்டத்தில் கல் சாய்ந்து எட்டு வயதுச் சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகு பல உள்ளாட்சிகள் நடுகற்களைத் தள்ளிப் பார்த்துச் சோதிக்க ஆரம்பித்தன. செய்ய வேண்டியதுதான். உயிரைவிடக் கல் பெரிதில்லை. ஆனால் ஆடுகிற கல்லைத் தரையில் படுக்க வைப்பதுதான் செலவில்லாத வழி. முகம் மேல்நோக்கிக் கிடந்தால் மழை எழுத்துகளில் தேங்கும், புல் மூடும், புல்வெட்டும் எந்திரம் இடிக்கும், ஆட்கள் மிதிப்பார்கள். முகம் கீழே போனால் யாருடையது என்றே தெரியாது. சில வருடங்களில் கல்லை மறந்துவிடுவார்கள். கல்லின் அடிப்பகுதியை ஆழமாகக் குழியில் இறக்கி, சுற்றிலும் இறுக்கமாக மண்ணும் சரளையும் இட்டு நிறுத்துவது பழைய முறை. அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். படுக்க வைத்தது தற்காலிகம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள். மறுபடி நிறுத்துவதற்கான தேதியையும் அப்போதே சொன்னால்தான் அந்த வார்த்தைக்கு மதிப்பு.

சரி, இதெல்லாம் யார் பொறுப்பு? அங்கேதான் முடிச்சு இறுகுகிறது.

ஸ்காட்லாந்து வழக்கப்படி நிலம் ஒருவருடையது, அதன்மேல் நிற்கும் நினைவுச்சின்னம் இன்னொருவருடையது. குடும்பம் வாங்குவது புதைக்கும் உரிமையை மட்டும். ஆனால் கல் குடும்பத்தின் சொத்து. கிரேஃபிரையர்ஸ் நிலம் 1562-லிருந்தே நகரத்தினுடையது. மற்ற பல தேவாலயத் தோட்டங்கள் 1925-ல் வந்த திருச்சபைச் சொத்துச் சட்டத்துக்குப் பிறகுதான் உள்ளாட்சிகளிடம் வந்தன. நிலத்தைப் பராமரிப்பது, ஆபத்தைத் தடுப்பது நகரசபை வேலை. 1629-ல் இறந்த வணிகரின் வாரிசு யார்? அவரைக் கண்டுபிடித்துப் பழுதுபார்க்கச் சொல்ல முடியுமா? முடியாது. அதே சமயம் பொதுப்பணத்தைத் தனியார் சொத்தில் செலவிடலாமா என்று தணிக்கை அதிகாரி கேட்பார். தோட்டம் உயர்ந்த வகைப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், அனுமதியில்லாமல் யாரும் கல்லை மாற்றியமைக்கவும் முடியாது. ஆக, தொட்டால் விதிமீறல், தொடாவிட்டால் சிதைவு.

கிழக்குப் பக்கம் இன்னும் சிக்கல். கேண்டில்மேக்கர் ரோ என்ற தெருவின் வீடுகள் தோட்டத்தின் எல்லையிலேயே முதுகைக் காட்டி நிற்கின்றன. கல்லறைச் சின்னங்களுக்கு மேலேயே குடியிருப்புகளின் ஜன்னல்கள். மாடியில் ஒரு தண்ணீர்க்குழாய் கசிந்தால் அது ஒரு 17ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தின் முதுகில் இறங்கலாம். சுவர் வீட்டுக்காரருடையதா, நகரத்தினுடையதா, கல்லறைக் குடும்பத்தினுடையதா என்று வக்கீல்கள் பேசி முடிப்பதற்குள் ஒரு குளிர்காலம் போய்விடும். மேற்குப் பக்கம் 16ஆம் நூற்றாண்டு நகர மதிலான ஃப்ளாடன் சுவரின் ஒரு பகுதியே தோட்டத்துக்குள் நிற்கிறது. அதன்மேலும் சின்னங்கள் சாய்ந்திருக்கின்றன. ஒரு வரலாற்றுச் சுவரைப் பழுதுபார்க்க இன்னொரு வரலாற்றுச் சின்னத்தைக் கழற்றவா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2010-ல் உலக நினைவுச்சின்ன நிதியம் எடின்பரோவின் ஐந்து பழைய கல்லறைத் தோட்டங்களைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்தது: கிரேஃபிரையர்ஸ், கேனன்கேட், செயின்ட் கத்பர்ட்ஸ், பழைய கால்ட்டன், புதிய கால்ட்டன். ஐந்துமே 1995-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் உலக மரபுப் பகுதிக்குள் வருபவை. ஆடம் ஸ்மித் படுத்திருப்பது கேனன்கேட்டில். டேவிட் ஹியூமின் கல்லறை மாடம் பழைய கால்ட்டனில். உலகமே கொண்டாடும் நகரத்தின் நடுவில், உலகமே படிக்கும் சிந்தனையாளர்களின் கல்லறைகளுக்கு ஆபத்து என்று வெளியிலிருந்து ஓர் அமைப்பு சொல்ல வேண்டியிருந்தது. எடின்பரோ உலக மரபு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வில் கல்லின் நிலையைப் போலவே மக்களின் தொடர்பும் கவனம் பெற்றது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அந்தத் தோட்டம் தங்களுடையது என்ற எண்ணம் இல்லையென்றால் எந்தப் பழுதுபார்ப்பும் நிலைக்காது. இதை நான் முழுக்க ஏற்கிறேன். பூட்டி வைத்த தோட்டத்தில் குடிகாரர்களும் கிறுக்கல்காரர்களும் சேர்வார்கள். ஆட்கள் நடமாடும் தோட்டத்தில் ஒரு கல் நகர்ந்தாலும் யாராவது போன் செய்வார்கள்.

அதற்காக எல்லா நடமாட்டமும் நல்லது என்றில்லை. ஒரே பெயரைத் தேடி ஒரே கல்லுக்குக் கூட்டம் போனால், புல் சேறாகிக் கல்லின் அடி இளகும். எழுத்தைப் படிக்க மாவு தூவுகிறவர்கள், சவர நுரை தடவுகிறவர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல ஆர்வம்தான், ஆனால் கல்லுக்கு விஷம். ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், மங்கிய எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். வெயில் நாளில் ஒரு கண்ணாடியால் ஒளியைத் திருப்பினாலும் நடக்கும். கல்மேல் திட்டுத்திட்டாக ஒட்டி வளரும் லைக்கன் என்ற உயிர் படர்ந்திருந்தால் விட்டுவிட வேண்டும். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத லைக்கன்கள் உண்டு. உள்ளங்கை அளவு வட்டம் ஒன்று பல தலைமுறை பழையதாக இருக்கலாம். சுரண்டினால் அதோடு மணல் துகள்களும் வரும்.

மேலே தட்டையான கூண்டுபோல இரண்டு இரும்புச் சட்டங்களும் இங்கே இருக்கின்றன, மோர்ட்சேஃப் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்கப் பிணங்களைத் தோண்டித் திருடினார்கள். சடலம் அழுகும்வரை காவலுக்கு இந்தக் கூண்டை வைப்பார்கள். 1832-ல் உடற்கூறியல் சட்டம் வந்து மருத்துவமனைகளிலும் ஏழை விடுதிகளிலும் கேட்பாரில்லாமல் இறந்தவர்களின் உடலைக் கல்லூரிகள் பெற வழி செய்ததும் அந்தத் திருட்டு ஓய்ந்தது. இரும்பு என்பதால் இவற்றுக்கு வைத்தியம் தனி, துருவை எடுத்துப் பூச்சு கொடுத்தால் ஆயிற்று.

கல்லை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோய்விட்டால் என்ன? சில இடங்களில் அதுவே சரி. கிளாஸ்கோவின் கோவன் பழைய தேவாலயத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கற்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வெளியே விட்டவற்றின் கதி வேறு. 1970-களில் பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்தின் கட்டடத்தை இடித்தபோது, தோட்டச் சுவரோரம் நிறுத்தியிருந்த பழங்கற்களையும் இடிபாடு என்று நினைத்து அப்புறப்படுத்திவிட்டதாகத்தான் நெடுங்காலம் நம்பினார்கள். 2019-ல் ஊர்மக்கள் சேர்ந்து நடத்திய அகழ்வில், பள்ளி மாணவன் ஒருவன் குச்சியால் மண்ணைக் குத்திப் பார்த்து, தொலைந்துபோன கற்களில் சிலவற்றைக் கண்டுபிடித்தான். கிரேஃபிரையர்ஸ் சுவர்ச் சின்னங்களுக்கு இந்த வழி இல்லை. அவை சுவரோடு சுவராகக் கட்டியவை, பல டன் எடை. பெயர்த்தால் பாதி உடையும், உடையாவிட்டாலும் அடியில் கிடப்பவரிடமிருந்து பெயர் பிரிந்துவிடும்.

எனவே நின்ற இடத்திலேயே காப்பதுதான் வேலை. அதற்கு வரிசை உண்டு. முதலில் தண்ணீர். அலங்கார விளிம்புகளின் மேல் ஈயத்தகடு பொருத்தி, மழை சிற்பத்தின்மேல் வழியாமல் முன்னால் சொட்டும்படி செய்ய வேண்டும். சுவர் உச்சியில் முளைக்கும் செடிகளை, வேர் பிடிக்கும் முன்பே, எடுக்க வேண்டும். பின்பக்க வடிகாலைச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்தது சிமென்டை நீக்கிச் சுண்ணாம்புக் காரை. துருப்பிடித்த கவ்வை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு. பிரிந்து நிற்கும் கல்லடுக்குகளுக்கு இடையே நீர்த்த சுண்ணாம்புக் கலவையைச் செலுத்தி, மேல் விளிம்பைக் காரையால் மூடிவிட்டால் இன்னும் சில பத்தாண்டுகள் நிற்கும். இதையெல்லாம் செய்யத் தெரிந்த கல்தச்சர்கள் குறைந்துவிட்டார்கள். ஃபைஃப் பகுதியின் சார்ல்ஸ்டவுனில் இருக்கும் ஸ்காட்லாந்துச் சுண்ணாம்பு மையம் போன்ற இடங்கள் சுண்ணாம்பு வேலையைக் கற்றுக்கொடுப்பதால்தான் இந்தக் கைத்திறன் அறுந்துபோகாமல் இருக்கிறது.

இத்தனை செய்தும் எல்லாக் கல்லையும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் பதிவு முக்கியமாகிறது. 1704-லேயே ராபர்ட் மான்டீத் என்பவர் எடின்பரோ கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டார். 1867-ல் கிரேஃபிரையர்ஸ் தோட்டத்தின் காவலராக இருந்த ஜேம்ஸ் பிரௌன் மறுபடி தொகுத்தார். கல்லில் இன்று படிக்க முடியாத வரிகள் இந்த இருவரால்தான் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு தொகுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் எது போனது என்றும் தெரியும். இன்றைக்கு ஒரு சாதாரணக் கேமராவில் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண உருவம் செய்துவிடலாம், தன்னார்வலர்களுக்கு ஒரு வாரக் கடைசியில் கற்றுக்கொடுக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே கல்லை அதேபோல எடுத்தால், எந்தக் கல் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று அளந்து, முதலில் எதற்குப் பணம் போடுவது என்று முடிவு செய்யலாம்.

பணம் என்று வரும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பெரிய பழுதுபார்ப்புக்கு நிதி திரட்டுவது எளிது. சாரம் கட்டுவார்கள், படம் எடுப்பார்கள், திறப்பு விழா நடக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு கல்தச்சர் ஏணி போட்டு ஏறி, விளிம்பில் முளைத்த நாற்றுகளைப் பிடுங்கி, ஈயத்தகட்டைத் தட்டிப் பார்த்து, பெயர்ந்த இடத்தில் ஒரு கரண்டி சுண்ணாம்பு வைத்துவிட்டுப் போவதற்கு யாரும் நிதி தருவதில்லை. அதற்கு விளம்பரமில்லை. ஆனால் அந்த வருடாந்தரக் கூலியை நகரசபை தன் வரவு செலவுக் கணக்கில் நிரந்தரமாக எழுதிவைத்தால், ஜான் பயர்ஸின் சின்னத்துக்கு அடுத்த சாரம் கட்டும் நாளை ஒரு தலைமுறையாவது தள்ளிப்போடலாம்.